எது காத்திருக்கலாம்?

காலை பதினொரு மணி. மாவட்டத் தலைநகர் ஒன்றில் நூறு படுக்கைகள் கொண்ட மருத்துவமனையை மனதில் நிறுத்திக்கொள்ளலாம். புறநோயாளிகள் கூட்டம் வாசல்வரை நிற்கிறது. மூன்றாவது மாடி வார்டிலிருந்து செவிலியர் ரத்த வங்கியை உள் எண்ணில் அழைக்கிறார். "ஓ நெகட்டிவ் எத்தனை யூனிட்..." என்று கேட்பதற்குள் குரல் துண்டு துண்டாக விழுகிறது. "ஹலோ, கேக்குதுங்களா? விட்டு விட்டு வருது." ரிசீவரை வைத்துவிட்டு அவர் படியிறங்கி ஓடுகிறார். அதே நேரத்தில் ஒரு நோயாளியின் சிடி ஸ்கேன் படங்கள் நூற்றுக்கணக்கில் சர்வருக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நாற்பது கண்காணிப்புக் கேமராக்களின் பதிவு ஓடுகிறது. கணக்குப் பிரிவின் பேக்கப்பை யாரோ பகல் நேரத்துக்கு வைத்திருக்கிறார்கள். மாடிகளுக்கிடையே ஓடும் ஒரே கேபிளில், பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் வழியாக, இவை எல்லாம் செவிலியரின் குரலோடு சேர்ந்து போகின்றன.

மறுநாள் நிர்வாகக் கூட்டத்தில் "நெட் ஸ்லோ" என்று புகார் வருகிறது. இன்னும் பெரிய இணைய இணைப்புக்கு விலைப்புள்ளி கேட்கப்படுகிறது. அந்தத் தொலைபேசி அழைப்பு கட்டடத்தை விட்டு வெளியே போகவே இல்லை என்பதை அங்கே யாரும் சொல்வதில்லை. மாதக் கட்டணம் இரண்டு மடங்காகும். குரல் அப்போதும் அறுந்துகொண்டுதான் இருக்கும்.

மருத்துவமனை, பள்ளி, வங்கிக் கிளை, வட்டாட்சியர் அலுவலகம் என எல்லா இடத்திலும் இந்தத் தவறு நடக்கிறது. கேபிளும் ஸ்விட்சும் வாங்கக் காசு ஒதுக்குகிறார்கள். நெரிசல் வந்தால் எது முதலில் போக வேண்டும், எது ஓரமாக நிற்கலாம் என்ற முடிவை மட்டும் யாரும் எடுப்பதில்லை. அந்த முடிவை நடைமுறைப்படுத்தும் வசதி நிர்வகிக்கத்தக்க ஸ்விட்ச் ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் இருக்கிறது. வாங்கியபோதே அதற்கும் சேர்த்துப் பணம் கொடுத்தாயிற்று.

குரலின் கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். வழக்கமான ஐபி தொலைபேசி பேச்சை 20 மில்லிவினாடித் துண்டுகளாக வெட்டி, வினாடிக்கு 50 பொட்டலங்களாக அனுப்புகிறது. ஒவ்வொரு பொட்டலத்திலும் குரல் 160 பைட். முகவரி முதலான மேலுறைகள் இன்னும் சில பத்து பைட். எல்லாம் சேர்த்தாலும் ஒரு திசைக்கு வினாடிக்கு 90 கிலோபிட்டைத் தாண்டாது. 100 எம்பிபிஎஸ் கேபிளில் இது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே அந்தக் கேபிளில் குரலுக்கு இடமில்லை என்று சொல்லவே முடியாது. பிரமாண்டமான ஸ்கேன் கோப்பின் பின்னால் வரிசையில் நிற்கவைத்ததால்தான் அது சிதைகிறது. ஒரு முனையில் பேசுவது மறுமுனைக்கு 150 மில்லிவினாடிக்குள் போய்ச் சேர்ந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. அதற்கு மேல் போகப் போக ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடத் தொடங்குவார். ஸ்கேன் கோப்புக்கு இந்த அவசரம் எதுவும் கிடையாது. நாற்பது வினாடியில் வந்தாலும் நாற்பத்தொரு வினாடியில் வந்தாலும் மருத்துவர் பார்க்கப்போவது அதே படம்தான். தாமதமாக வந்த குரல் துண்டு எதற்கும் உதவாது. தொலைபேசி அதைத் தூக்கி எறிந்துவிடும்.

ஒன்றும் சொல்லாமல் விட்டால் ஸ்விட்ச், முதலில் வந்தது முதலில் என்ற முறையில் அனுப்பும். ரேஷன் கடையில் அது நியாயமான முறை, ஏனென்றால் அங்கே எல்லோரும் வாங்குவது ஏறக்குறைய ஒரே அளவு. இங்கே ஒருவர் கையில் ஒரு தபால் அட்டை, இன்னொருவர் பின்னால் பத்து லாரி.

முன்னுரிமை அமைப்பது என்பது மூன்று வேலைகள். முதலில் பொட்டலத்தின் மீது குறியிட வேண்டும். ஈதர்நெட் சட்டகத்தின் விலேன் ஒட்டில் இதற்கென மூன்று பிட் இருக்கிறது. அதில் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளைக் குறிக்கலாம். ஐபி தலைப்பில் ஆறு பிட், ஆக 64 மதிப்புகள். இந்த ஏற்பாட்டை 1998-ல் வரையறுத்தார்கள். குரலுக்கு உலகம் முழுவதும் பழகிப்போன எண் 46. இரண்டாவது, ஒவ்வொரு போர்ட்டிலும் உள்ள நான்கு அல்லது எட்டு வரிசைகளில் எந்தக் குறி எதில் நிற்கும் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது, எந்த வரிசையை எப்போது காலி செய்வது என்ற விதி. முதல் வரிசை காலியான பிறகே அடுத்தது என்பது ஒரு விதி. இன்னொன்று எடைபோட்டுச் சுற்று முறையில் பகிர்வது. பெரிய பொட்டலம் சிறிய பொட்டலத்தை ஏமாற்றாதபடி, மிகக் குறைந்த கணக்கு வேலையில் இந்தப் பகிர்வைச் செய்யும் ஒரு வழியை எம். ஸ்ரீதரும் ஜார்ஜ் வர்கீஸும் 1995-ல் வெளியிட்டார்கள். வர்கீஸ் மும்பை ஐஐடியில் படித்தவர். அவர்களுடைய வழி இன்றும் உலகெங்கும் கருவிகளில் பயன்படுகிறது.

இந்தப் பிரச்சினைக்கு வயது அதிகம். 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, சுமார் 400 கஜ தூரத்துக்குள், இணைப்பின் வேகம் வினாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. வான் ஜேக்கப்சன் அதன் காரணத்தைத் தேடப் புறப்பட்டதிலிருந்துதான் நெரிசல் கட்டுப்பாடு என்ற துறை வேகம் பிடித்தது. அதே காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை இணைத்த என்எஸ்எஃப்நெட்டின் முதுகெலும்பு வெறும் 56 கிலோபிட் கம்பிகளால் ஆனது. டேவிட் மில்ஸ் உருவாக்கிய ஃபஸ்பால் என்ற சிறு கணினிகள் அதில் வழிகாட்டிகளாக இருந்தன. நெரிசல் தாங்காமல் போனபோது, தட்டச்சு செய்துவிட்டுத் திரையைப் பார்த்துக் காத்திருக்கும் மனிதர்களின் டெல்நெட் பொட்டலங்களுக்கு அவற்றில் வழிவிட்டார்கள். கோப்பு மாற்றம் சற்றுப் பின்னால் நின்றது. கம்பி அதேதான். ஆனால் விசையைத் தட்டினால் எழுத்து வந்தது.

முன்னுரிமை நிலைகளின் பெயர்களுக்கு இன்னும் பழைய ஊற்று உண்டு. 1960-களில் அமெரிக்க ராணுவம் ஆட்டோவான் என்ற தனித் தொலைபேசி வலையை அமைத்தது. அதன் கருவிகளில் வழக்கமான பன்னிரண்டு பொத்தான்களுக்கு வலப்பக்கம் நான்காவது நெடுவரிசையாக இன்னும் நான்கு பொத்தான்கள் இருந்தன. அவற்றின் பெயர்கள் ப்ரயாரிட்டி, இம்மீடியட், ஃப்ளாஷ், ஃப்ளாஷ் ஓவர்ரைடு. மேல்நிலைப் பொத்தானை அழுத்தினால் கீழ்நிலை அழைப்பைத் துண்டித்து இணைப்பு கிடைக்கும். 1981-ல் இணைய நெறிமுறையின் வரையறை ஆவணம் வந்தபோது, பொட்டலத் தலைப்பின் முன்னுரிமை நிலைகளுக்கு அதே சொற்களையே இட்டார்கள். அந்தப் பொத்தான்கள் எல்லோர் கையிலும் இருக்கவில்லை. இன்ன பதவிக்கு இன்ன நிலை என்று முன்கூட்டியே ஒதுக்கியிருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் இந்திய வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று நினைவுக்கு வர வேண்டும். 2017 மே 1 முதல் நாட்டில் அமைச்சர்கள், அதிகாரிகள் யாருடைய காரிலும் சிவப்புச் சுழல் விளக்கு இருக்கக் கூடாது என்று ஆனது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு போன்ற அவசர ஊர்திகளுக்குத்தான் விளக்கு. அதற்கு முந்தைய நிலைமை மறந்துபோயிருக்காது. யார் யாரோ விளக்கு பொருத்திக்கொண்டார்கள். ஒலியையும் விளக்கையும் பார்த்துப் பார்த்து மக்களுக்கு அலுத்துப்போனது; உண்மையான அவசரத்துக்கு ஒதுங்கும் வேகமும் குறைந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கு ரூ.10,000 அபராதம் என மோட்டார் வாகனச் சட்டத்தில் 194-இ பிரிவு சேர்ந்தது. விளக்கை எல்லோரிடமிருந்தும் எடுத்த பிறகுதான் வழிவிடாததைக் குற்றமாக்கும் தகுதி சட்டத்துக்கு வருகிறது.

ஸ்விட்சிலும் இதே சிக்கல் உண்டு. 46 என்ற குறியை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். வரவேற்பறையில் உட்கார்ந்து விளையாடும் ஒருவரின் மடிக்கணினியில்கூட ஒரு சிறு நிரல் அதைச் செய்துவிடும். எனவே எந்த போர்ட்டில் வரும் குறியை நம்புவது, எதில் வருவதைத் துடைத்துப் பூஜ்யமாக்குவது என்று ஸ்விட்சுக்குச் சொல்ல வேண்டும். வலையமைப்புக்காரர்கள் இதை நம்பிக்கை எல்லை என்கிறார்கள். தொலைபேசிக் கருவியிலிருந்து வந்தால் ஏற்கலாம். பொதுக் கணினியிலிருந்து வந்தால் துடைக்கலாம். இதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சரியாக அமைத்தாலும், சில மாதங்களில் பாதிப் பொட்டலங்கள் சிவப்பு விளக்குடன் ஓடிக்கொண்டிருக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து அலுவலகப் படிநிலை. முன்னுரிமை அமைக்கலாம் என்று பேச்செடுத்த உடனே, "எம்டி ரூமுக்கு முதல்ல போடுங்க" என்ற குரல் எங்கிருந்தோ வரும். தலைமை மருத்துவரின் அறையிலிருந்து புறப்படும் எல்லாவற்றுக்கும், அவர் பார்க்கும் கிரிக்கெட் ஒளிபரப்பு உட்பட, வார்டு தொலைபேசியைவிட மேலான இடம் கிடைத்தால் அந்த அமைப்பு இல்லாமல் இருப்பதே மேல். வேலையின் தன்மையை வைத்து வரிசைப்படுத்த வேண்டும். துப்புரவுப் பணியாளரின் அறையிலிருந்து போகும் தொலைபேசி அழைப்பும் இயக்குநரின் அழைப்பும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். இயக்குநரின் மின்னஞ்சல் இணைப்பும் எழுத்தரின் மின்னஞ்சல் இணைப்பும் அடுத்த வரிசையில் ஒன்றாக நிற்க வேண்டும். இதை எழுத்தில் போட்டு, நிர்வாகம் கையெழுத்திட்ட பிறகே ஸ்விட்சைத் தொட வேண்டும். கட்டளை தட்டும் இளைஞரிடம் இந்த முடிவைத் தள்ளிவிடுவது அவருக்குச் செய்யும் அநீதி. அவரால் எம்டியிடம் மறுத்துப் பேச முடியாது.

இதற்கு நேரெதிரான வாதம் ஒன்று உண்டு. அதை மதித்தே ஆக வேண்டும். இவ்வளவு தலைவலி எதற்கு, பெரிய குழாயாகப் போட்டுவிட்டால் வரிசையே வராதே என்பது அது. அமெரிக்க ஆய்வு வலையான இன்டர்நெட்2-வில் முன்னுரிமைச் சேவையைக் கொண்டுவர முயன்ற பென் டைட்டல்பாமும் ஸ்தானிஸ்லாவ் ஷலுனோவும், 2002-ல் தங்கள் முயற்சி ஏன் நிறைவேறவில்லை என்று தாங்களே விளக்கி எழுதினார்கள். கொள்ளளவு மலிவாகிவரும்போது, இத்தனை நிர்வாகச் சிக்கலோடு முன்னுரிமையை விற்பதற்கு யாருக்கும் ஊக்கம் இல்லை என்பதே அதன் சாரம். கண்டங்களை இணைக்கும் முதுகெலும்புக் கம்பிகளுக்கு அவர்கள் சொன்னது பொருந்தும்.

ஒரு கட்டடத்தின் விளிம்பில் நிலைமை வேறு. கோப்பு மாற்றத்தின் இயல்பே கிடைக்கிற இடத்தை நிரப்பும் வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவதுதான். குழாயைப் பெரிதாக்கினால் அது நிரம்பும் நேரம் குறையும்; நிரம்புவது நிற்காது. இன்னொரு கணக்கும் உண்டு. வெளியே போகும் வேகம் 10 எம்பிபிஎஸ் உள்ள இணைப்பில், மோடத்துக்குள் ஒரு மெகாபைட் அளவுக்குத் தாங்கிடம் (பஃபர்) இருந்தால், அது நிரம்பியபின் ஒவ்வொரு பொட்டலமும் 0.8 வினாடி காத்திருக்கும். பேச்சுக்குத் தேவையான 150 மில்லிவினாடியின் ஐந்து மடங்குக்கு மேல். பொட்டலம் தொலைந்துபோகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் தயாரிப்பாளர்கள் தாங்கிடத்தைப் பெருக்கிக்கொண்டே போனதன் விளைவு இது. இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்து, 2010-க்குப் பின் ஊரறியச் செய்தவர் ஜிம் கெட்டிஸ். கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல் கோடெல் என்ற மருந்தைத் தந்தார்கள். இன்றைய நல்ல ரவுட்டர்கள் பலவற்றில் அதன் வழிவந்த முறை இருக்கிறது. ஒரு பொத்தானைச் சொடுக்கினால் போதும்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. நெரிசல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் முன்னுரிமை வேலை செய்யும். கட்டடத்துக்குள் கிகாபிட் கேபிள், வெளியே 50 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால், உள்ளே ஸ்விட்சில் எவ்வளவு அழகாக வரிசை அமைத்தாலும் பயனில்லை. கிகாபிட் போர்ட்டில் 1500 பைட் பொட்டலம் ஒன்று 12 மைக்ரோவினாடியில் போய்விடும். அங்கே காத்திருப்பு அரிது. வரிசை உருவாவது வாசலில் உள்ள மோடத்தில். அங்கே ரவுட்டரில் வெளிவேகத்தை 45 எம்பிபிஎஸ்ஸாகத் தணித்து வைத்தால், வரிசை மோடத்துக்குள் ஒளிந்துகொள்ளாமல் கைக்கு எட்டும் இடத்தில் உருவாகும். அப்போதுதான் ஒழுங்குபடுத்த முடியும். ஐந்து எம்பிபிஎஸ்ஸை விட்டுக்கொடுக்க மனம் வராதவர்கள் குரலைப் பறிகொடுக்கிறார்கள்.

அரைகுறையாகச் செய்தால் கெடுதல் அதிகம் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பரவலாகப் பயன்பட்ட சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960, 3750 வகை ஸ்விட்ச்களில் முன்னுரிமை வசதியை இயக்கும் கட்டளை ஒரே வரி. அதை மட்டும் தட்டிவிட்டுப் போனால், எந்த போர்ட்டையும் நம்பச் சொல்லாததால், தொலைபேசிகள் ஒட்டி அனுப்பிய குறிகள் எல்லாம் பூஜ்யமாகத் துடைக்கப்படும். போர்ட்டின் தாங்கிடம் நான்கு வரிசைகளுக்கும் சமமாகப் பிரிக்கப்படும். குறியில்லாத சாதாரணப் போக்குவரத்து அனைத்தும் ஒரே வரிசையில் கால்பங்கு இடத்தில் நெருக்கியடிக்கும். முன்பு விழாத பொட்டலங்களும் விழத் தொடங்கும். முன்னுரிமை போட்ட பிறகுதான் மோசமாச்சு என்று புகார் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. எண்களிலும் ஒரு குழி இருக்கிறது. ஈதர்நெட்டின் எட்டு நிலைகளில் 1 என்பது 0-வைவிட மேல் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தரநிலைப்படி 1 பின்னணி வேலைக்கு உரியது, 0-வுக்கும் கீழே. முக்கியமானதற்கு ஒரு படி கூட்டிக் கொடுத்ததாக நினைத்து 1 போட்டவர் அதைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறார்.

முதல் வரிசைக்கு வரம்பு வைக்காமல் விட்டால் மற்றவை பட்டினி கிடக்கும். குரலுக்கு ஒதுக்குவது கம்பியின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது இத்துறையில் நீண்டகால வழக்கம்.

முன்னுரிமை என்றவுடன் இணையச் சமத்துவத்துக்காகப் போராடியவர்களுக்கு ஒரு உறுத்தல் வரலாம். அது நியாயமான உறுத்தல். 2005-ல் அமெரிக்காவில் மேடிசன் ரிவர் என்ற தொலைபேசி நிறுவனம், தனக்குப் போட்டியான இணையத் தொலைபேசியை வாடிக்கையாளர்கள் பயன்படுத்த முடியாமல் அடைத்தது. விசாரணைக்குப் பின் 15,000 டாலர் செலுத்தியது. இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பொறுத்து வெவ்வேறு கட்டணம் வாங்குவதைத் தடைசெய்தது. 2018-ல் சமத்துவ விதிகளுக்கு மத்திய அரசின் ஒப்புதலும் வந்தது. இந்த விதிகள் பொதுவழியை நடத்துபவருக்கானவை. ஊருக்கெல்லாம் சாலை போட்டவர், காசு கொடுத்தவன் முன்னால் போகலாம் என்று சொல்லக் கூடாது. ஒரு மருத்துவமனை தன் கட்டடத்துக்குள், தன் நோயாளிகளுக்காக, எந்த வேலை முந்த வேண்டும் என்று முடிவெடுப்பது வேறு. ஸ்ட்ரெச்சர் வரும்போது தாழ்வாரத்தில் மற்றவர்கள் ஒதுங்குவதை யாரும் பாகுபாடு என்பதில்லை.

இந்த மாதிரியான யோசனைக்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல முன்னோடி இருக்கிறது. 2000-களின் நடுவில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூயர் குழுவும் சேர்ந்து, சுற்றுவட்டார ஊர்களின் கண் பரிசோதனை மையங்களை நெடுந்தூர வைஃபை மூலம் இணைத்தார்கள். நோயாளி ஊரிலேயே உட்கார்ந்திருப்பார். மருத்துவர் தேனியிலிருந்து காணொளியில் பேசுவார். சாதாரண வைஃபை அந்தத் தூரத்துக்கு ஒத்துவரவில்லை. பொட்டலம் சேர்ந்ததற்கான ஒப்புகை திரும்பி வரத் தாமதமானதால் அனுப்பியதையே மறுபடி அனுப்பியது. இரு முனைகளும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டன. அந்தக் குழு கோபுரத்தையோ அலைவரிசையையோ பெரிதாக்கப் போகவில்லை. இன்னார் இன்ன நேரத்தில் பேசுவது என்று நேரத்தைப் பங்கிட்டு நெறிமுறையை மாற்றினார்கள். அதை விவரிக்கும் ஆய்வுக் கட்டுரை 2007-ல் வெளியானது. குறைந்த செலவுக் கருவிகளில், கிராமத்துக் கண்களை மருத்துவர் பார்த்தார்.

காத்திருக்கத் தானாக முன்வரும் போக்குவரத்துக்கும் இடம் வைத்திருக்கிறார்கள் என்பது இந்தத் துறையின் அழகான பகுதி. இடம் காலியாக இருந்தால் மட்டும் போகிறேன் என்று சொல்லும் குறி ஒன்றை இன்டர்நெட்2 2001-லேயே முயன்று பார்த்தது. 2019-ல் அதற்கென முறையான தரநிலையும் வந்தது. பேக்கப், மென்பொருள் புதுப்பிப்பு, கேமராப் பதிவை வெளியே நகலெடுப்பது எல்லாம் அந்த வரிசைக்குப் பிறந்தவை. 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கிய வாரத்தில், இந்தியாவின் பெரிய காணொளி நிறுவனங்கள் கைபேசி இணைப்புகளில் படத்தின் தரத்தை 480பி அளவுக்கு, ஏப்ரல் 14 வரை, தாமாகவே குறைத்துக்கொண்டன. படம் பார்ப்பவருக்குச் சற்று மங்கல் தெரிந்தது. வீட்டிலிருந்து பாடம் படித்தவர்களுக்கும் மருத்துவரிடம் பேசியவர்களுக்கும் அந்த இடம் கிடைத்தது.

அரசும் தனியாரும் புதிய வலையமைப்புக்கு டெண்டர் விடும்போது போர்ட் எண்ணிக்கை, வேகம், உத்தரவாத ஆண்டுகள் என்று பக்கம் பக்கமாகக் கேட்கிறார்கள். அதில் ஒரு பக்கத்தை இதற்கு ஒதுக்க வேண்டும். எந்தெந்த வேலைகள் இந்தக் கம்பியில் ஓடப்போகின்றன, அவற்றில் ஒரு வினாடி பொறுக்காதது எது, ஒரு நிமிடம் பொறுப்பது எது, இரவு வரை பொறுப்பது எது என்று அந்த நிறுவனத்தில் வேலை செய்பவர்களிடமே கேட்டு எழுத வேண்டும். செவிலியர்களைக் கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். ஒப்படைக்கும் நாளில் நடத்த வேண்டிய சோதனையையும் அதிலேயே குறிப்பிட வேண்டும். எல்லா விளக்கும் பச்சையாக எரிகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கம் போதாது. காலை பதினொரு மணிக்கு பேக்கப்பை ஓடவிட்டு, ஸ்கேன் படங்களை அனுப்பவிட்டு, நாற்பது கேமராக்களும் பதிவு செய்துகொண்டிருக்கும்போது, மூன்றாவது மாடி வார்டிலிருந்து அந்தச் செவிலியரை ரத்த வங்கிக்கு அழைக்கச் சொல்ல வேண்டும். மறுமுனையில் இருப்பவர் யூனிட் எண்ணிக்கையை ஒரே தடவையில் சரியாகக் கேட்டுத் திருப்பிச் சொன்னால் பில்லில் கையெழுத்துப் போடலாம்.